இனிப்புப் பெட்டி அச்சடிக்கும் முன்: அட்டையைக் குறைப்பது, ஃபிலிமைத் தவிர்ப்பது எப்படி

பிளாஸ்டிக் டப்பாவை விட்டு அட்டைப் பெட்டிக்கு மாறிவிட்டால் போதும் என்ற நினைப்பு இனிப்புக் கடைக்காரர்களிடமும் வீட்டிலிருந்து பலகாரம் விற்பவர்களிடமும் பரவலாக இருக்கிறது. அட்டை செய்யவும் மரக்கூழ், தண்ணீர், கொதிகலனுக்கு நிலக்கரி எல்லாம் வேண்டும். ஒரு பெட்டியால் சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு பாரம் என்பதைப் பெரும்பாலும் இரண்டு கேள்விகளே தீர்மானிக்கின்றன. எத்தனை கிராம் அட்டை போகிறது? அதன்மேல் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டியிருக்கிறதா? இரண்டுக்கும் விடை அச்சகத்தில் கொடுக்கும் ஆர்டரிலேயே முடிவாகிவிடுகிறது.

அரைக் கிலோ இனிப்புக்கான அடித்தட்டும் மூடியும் தனித்தனியான பெட்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளளவு 20 × 13 செ.மீ., உயரம் 5 செ.மீ.

முதலில் எடை

விரித்த அட்டையின் பரப்பை ஜி.எஸ்.எம்.மால் (ஒரு சதுர மீட்டர் அட்டையின் கிராம் எடை) பெருக்கினால் எடை கிடைத்துவிடும். அடித்தட்டை விரித்தால் 30 × 23 செ.மீ., அதாவது 690 சதுர செ.மீ. மூடியும் அதே ஆழம் என்றால் சுமார் 706. மொத்தம் 1,396. இதை 350 ஜி.எஸ்.எம். டூப்ளக்ஸில் (உள்ளே பழைய காகிதக் கூழ் உள்ள அட்டை) அடித்தால் ஒரு பெட்டி ஏறக்குறைய 49 கிராம்.

மூடி அடிவரை இறங்க வேண்டிய அவசியம் பெரும்பாலான கடைகளுக்கு இல்லை. 2.5 செ.மீ. ஆழம் போதும், மூடியின் பரப்பு 463 சதுர செ.மீ. ஆகக் குறையும். ஆனால் முழு மூடியில் சுவர் இரட்டையாக நின்று பாரம் தாங்கும், அரை மூடியில் அடித்தட்டின் சுவர் மட்டுமே தாங்கும். அதனால் மாதிரிப் பெட்டியில் அரைக் கிலோ சரக்கு போட்டு எட்டுப் பெட்டிகளை ஓர் இரவு அடுக்கி வைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் பார்ப்பது இன்னும் நல்லது, ஈரம் ஏறிய அட்டை பாதி பலத்தை விட்டுவிடும். அடியில் இருக்கும் பெட்டியின் சுவர் பிதுங்கவில்லை என்றால் அந்த மூடியே போதும்.

அடுத்தது அட்டை ரகம். விறைப்பைத் தருவது பெரும்பாலும் தடிமன், எடை இல்லை. டூப்ளக்ஸ் அழுத்தமான அட்டை, 350 ஜி.எஸ்.எம்.முக்குச் சுமார் 437 மைக்ரான் வரும். எஃப்.பி.பி. எனப்படும் மடிப்பெட்டி அட்டையின் நடு அடுக்கில் உப்பலான இயந்திரக் கூழ் இருப்பதால் 270 ஜி.எஸ்.எம்.மிலேயே 430 மைக்ரானைத் தொட்டுவிடும். கிலோ விலை அதிகம்தான். கிலோ விலையைப் பார்த்து ஓடாமல் ஆயிரம் பெட்டி விலையைக் கேளுங்கள், வித்தியாசம் சுருங்கிவிடும்.

கால் செ.மீ. கணக்கு

சிவகாசியில் ஆனாலும் உங்கள் ஊர் ஆப்செட் அச்சகத்தில் ஆனாலும் 25 × 36 அங்குலத் தாள் சாதாரணமாகக் கிடைக்கும். அது 63.5 × 91.4 செ.மீ. இதில் 30 × 23 அளவு அடித்தட்டு ஆறுதான் விழும். தாளில் 71 சதவீதம் பயன்படும், மீதி கழிவு. நான்காவது வரிசை வைக்க 92 செ.மீ. வேண்டும், இருப்பதோ 91.4. அரை செ.மீ.க்குச் சற்றே கூடுதலான குறையில் ஒரு வரிசை போய்விடுகிறது.

பெட்டி உயரத்தை 5 செ.மீ.யிலிருந்து 4.75 ஆக்குங்கள். விரிப்பு 29.5 × 22.5 ஆகிவிடும். இப்போது ஒரு பக்கம் நான்கு, மறு பக்கம் இரண்டு, ஆக எட்டு. கிரிப்பருக்கு (அச்சு இயந்திரம் தாளைப் பிடிக்கும் விளிம்பு) 4 செ.மீ.க்கு மேல் மிச்சமும் இருக்கிறது. பயன்பாடு 91 சதவீதம். பத்தாயிரம் அடித்தட்டுக்கு 1,667 தாள் போன இடத்தில் 1,250 போதும். வாடிக்கையாளர் கண்ணுக்கு அந்தக் கால் செ.மீ. தெரியவே தெரியாது. டை (அட்டையை வெட்டும் அச்சு) செய்யக் கொடுத்துவிட்ட பிறகு இதைப் பேசிப் பயனில்லை. வரைபட நிலையிலேயே ‘ஒரு தாளில் எத்தனை விழுது, எவ்வளவு மாற்றினால் ஒரு வரிசை கூடும்’ என்று கேட்டுவிட வேண்டும்.

உயரக் குறைப்பு, அரை மூடி, எஃப்.பி.பி. மூன்றும் சேர்ந்தால் ஒரு பெட்டி 30 கிராம் சொச்சம். பத்தாயிரம் பெட்டியில் சுமார் 184 கிலோ அட்டை மிச்சம், தாள் கழிவில் மிஞ்சியது தனி.

நார் ஓட்டம் தப்பினால்

சுவர் பிதுங்குகிறது என்று சொன்னால் அச்சகத்தில் உடனே ‘ஜி.எஸ்.எம். கூட்டிடலாம்’ என்பார்கள். பல நேரம் கோளாறு நார் ஓடும் திசையில் இருக்கும். அட்டை நார் ஓடும் பக்கமாக விறைப்பு, குறுக்கே இளக்கம். நம் பெட்டியில் 20 செ.மீ. சுவர்தான் பிதுங்கும் என்பதால் நார் அந்த நீளத்தோடு ஓட வேண்டும். மேலே சொன்னபடி ஒரு தாளில் எட்டு அடித்தட்டு விழும் அமைப்பில் அது தாளின் 25 அங்குலப் பக்கம். தாள் வாங்கும்போதே இதைச் சொல்லி வாங்க வேண்டும்.

திசை தெரியாவிட்டால் 5 செ.மீ. சதுரத் துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனையுங்கள். அது குழாய்போலச் சுருளும். குழாயின் நீளவாக்கு எதுவோ அதுவே நார் திசை.

யாருடைய மரம், எந்தக் கூழ்

இந்தியாவில் கூழ்மரத்தின் பெரும்பகுதி காட்டிலிருந்து வருவதில்லை. 1988 தேசிய வனக் கொள்கைக்குப் பிறகு ஆலைகள் விவசாயிகளின் நிலத்தில் வளரும் யூகலிப்டஸ், சவுக்கு போன்ற மரங்களைத்தான் நம்பியிருக்கின்றன. மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் தமிழ்நாடு காகித ஆலை நடத்தும் அட்டை ஆலையின் திறன் ஆண்டுக்கு 2 லட்சம் டன். பக்கத்திலேயே கிடைக்கும்போது தூரத்து இறக்குமதி அட்டை எதற்கு என்பது நியாயமான கேள்வி.

எஃப்.எஸ்.சி. முத்திரை (பொறுப்பாக வளர்த்த மரம் என்பதற்கான சான்று) அச்சடிக்க ஆசைப்பட்டால் ஒன்றைக் கவனியுங்கள். ஆலையிடம் சான்று இருந்தால் போதாது, உங்கள் அச்சகத்திடமும் சங்கிலிச் சான்று (சான்றுபெற்ற அட்டை கைமாறும் ஒவ்வொரு இடத்துக்குமான சான்று) இருக்க வேண்டும். இல்லாமல் போட்டால் அது பொய் முத்திரை. பழுப்பு நிறமும் அப்படித்தான். வெள்ளை அட்டையில் பழுப்பு மை அடித்து ‘கிராஃப்ட்’ தோற்றம் கொடுப்பதில் மை செலவு கூடுகிறதே ஒழிய வேறு ஒன்றும் இல்லை.

மறுசுழற்சி அட்டை நல்லதுதானே என்றால், எல்லாவற்றுக்கும் இல்லை. டூப்ளக்ஸின் உள்ளே பழைய செய்தித்தாள் கூழ் இருக்கும். அந்த மையின் கனிம எண்ணெய் எச்சம் உணவுக்குள் வரக்கூடும். வெள்ளை முதுகு டூப்ளக்ஸும் உள்ளே பெரும்பாலும் அதேதான். பட்டர் பேப்பர் நேரடித் தொடுகையைத் தடுக்கும், ஆவியாக வருவதை முழுதும் தடுக்காது. ஆகவே மைசூர்பாகு, லட்டு நேராகப் படும் பெட்டிக்குப் புதுக் கூழ் அட்டை; பாக்கெட்டில் அடைத்த மிக்சரின் வெளிப்பெட்டிக்கு கிரே பேக் (பின்பக்கம் சாம்பல் நிறமான) டூப்ளக்ஸ் தாராளம். அச்சடித்த பக்கம் உணவைத் தொடவே கூடாது. எண்ணெய் ஊறாத பட்டர் பேப்பர் என்று விற்பதில் ஃப்ளூரின் வேதிப்பொருள் சேர்க்கவில்லை என்று எழுத்தில் வாங்குங்கள். டென்மார்க் 2020 ஜூலையிலேயே உணவுக் காகிதத்தில் அதற்குத் தடை போட்டுவிட்டது.

ஃபிலிம்

லேமினேஷனில் ஒட்டும் பி.ஓ.பி.பி. என்னும் பிளாஸ்டிக் ஃபிலிம் 12 மைக்ரான்தான், ஒரு பெட்டிக்கு ஒன்றேகால் கிராம்கூட வராது. ஆனால் அந்த ஒரு கிராம் மீதி 30 கிராமையும் கெடுத்துவிடுகிறது. ஆலையில் பெட்டியைத் தண்ணீரில் போட்டு அரைக்கும்போது அட்டை கரையும், ஃபிலிம் கரையாமல் சல்லடையில் சிக்கும், நாரையும் பிடித்துக்கொண்டு குப்பைக்குப் போகும். தங்க, வெள்ளி நிறத்தில் மின்னும் மெட்பெட் (உலோகம் பூசிய பிளாஸ்டிக் ஃபிலிம்) ஒட்டிய அட்டை இன்னும் மோசம். பெயர் மட்டும் மின்ன வேண்டுமென்றால் அந்த இடத்தில் மட்டும் ஹாட் ஃபாயில் (சூட்டில் அழுத்தி ஒட்டும் மினுமினுப்புப் படலம்) அடியுங்கள், பரப்பு சிறிது, படலமும் மிக மெல்லியது. பளபளப்புக்கு நீர்ம (தண்ணீர் அடிப்படையிலான) வார்னிஷ் போதும். மூடியில் வைக்கும் பிளாஸ்டிக் ஜன்னலை எடுத்துவிட்டு உள்ளே இருப்பதன் படத்தை அச்சடிக்கலாம். பெட்டிமேல் சுற்றும் கண்ணாடித்தாளுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுதும் தடை இருக்கிறது; பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை.

‘லேமினேஷன் இல்லாட்டி மடிப்புல வெடிக்கும்’ என்று பயமுறுத்துவார்கள். மடிப்பு வெடிப்பது கிரீஸிங் (மடிப்புக் கோடு அழுத்துவது) தப்பாக இருப்பதால். கோடு அழுத்தும் கிரீஸிங் ரூலுக்கு எதிரே அடியில் வைக்கும் பள்ளமே மேட்ரிக்ஸ்; அதன் ஆழம் அட்டைத் தடிமன் அளவு இருக்க வேண்டும். பள்ளத்தின் அகலம் தடிமனைப் போல ஒன்றரை மடங்கு, அதோடு கிரீஸிங் ரூலின் தடிமன். 0.43 மி.மீ. அட்டைக்கு 0.71 மி.மீ. ரூல் என்றால் 1.35 மி.மீ. வரும், எனவே 1.3 அல்லது 1.4 மேட்ரிக்ஸ். கோடை வெயிலில் காய்ந்த அட்டையும் வெடிக்கும். பஞ்சிங்குக்கு (டையால் வெட்டி மடிப்புக் கோடு போடுவதற்கு) முந்தின நாள்வரை அட்டைக் கட்டைப் பிரிக்காமல் வைத்தால் ஈரம் காக்கும்.

சரக்கு வந்ததும்

ஒரு பெட்டியில் 10 × 10 செ.மீ. சதுரம் வெட்டி, 0.01 கிராம் காட்டும் தராசில் வையுங்கள். வந்த எண்ணை 100 ஆல் பெருக்கினால் ஜி.எஸ்.எம். 270 கேட்டிருந்தால் 2.7 கிராம் காட்டும், மை, வார்னிஷால் சற்றுக் கூடலாம். 3 கிராமைத் தாண்டினால் வேறு அட்டை போட்டிருக்கிறார்கள்.

அந்தத் துண்டையே பிய்த்து வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். விரலால் தேய்த்தால் அட்டை மாவாகக் கரைய வேண்டும். கண்ணாடிபோல ஒரு தோல் முழுசாக உரிந்து வந்தால் நீர்ம வார்னிஷ் என்று சொல்லி ஃபிலிம் ஒட்டிவிட்டார்கள் என்று பொருள்.

மூடியின் உட்பக்கம் ஒரு வரி அச்சடிப்பது உதவும்: ‘மூடி பழைய பேப்பர் கடைக்கு, எண்ணெய் பட்ட அடித்தட்டு உரக்குழிக்கு.’ நெய் ஊறிய அட்டையைப் பழைய பேப்பரோடு சேர்த்தால் மற்றதையும் கறையாக்கும். உரக்குழியிலோ அதுவே காய்ந்த சருகின் வேலையைச் செய்யும். உள்ளங்கை அளவு கிழித்து, நனைத்து, ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு அட்டை என்று போட்டால் நாற்றமும் அடங்கும். கிழிக்காமல் முழுத் தட்டாகப் போட்டால் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு காற்றுப் புகாமல் அழுகும்.