இரண்டாவது தடவை விமானம் ஏறும்போது: பிரிட்டனில் படிக்கும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு

தக்கலையில் எங்கள் வீட்டுக் கட்டில்மேல் பெட்டி திறந்தபடி கிடக்கிறது. அம்மா முந்திரிக்கொத்தை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். வாசலில் தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இன்னும் யாரும் கழற்றவில்லை. நாளை மறுநாள் திருவனந்தபுரத்தில் விமானம். மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல், நாகர்கோவில் என்று இந்த வாரம் மாவட்டம் முழுக்க இப்படிப் பெட்டிகள் திறந்து கிடக்கும். செப்டம்பரில் முதல்முறை பிரிட்டனுக்குப் போன பிள்ளைகள் விடுமுறை முடிந்து திரும்புகிற நேரம் இது. நான் அங்கே முதுகலை முடித்து இப்போது ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கிறேன். எனக்கு அப்போது யாரும் சொல்லாத சிலதை எழுதிவைக்கிறேன். ஜனவரி சேர்க்கையில் புதிதாகப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

முதல் தடவை போகும்போது கவனிக்க ஆள் உண்டு. வரவேற்பு வாரம் என்று ஒன்று நடக்கும், கையில் பை கொடுப்பார்கள், வழி காட்டச் சீனியர்கள் நிற்பார்கள். இரண்டாவது தடவை ஒருவரும் நிற்க மாட்டார்கள். இருட்டில் இறங்கி, இருட்டில் அறைக் கதவைத் திறக்க வேண்டும். உடனே தேர்வோ, சமர்ப்பிக்க வேண்டிய கட்டுரையோ காத்திருக்கும். நம் ஊரில் டிசம்பரில்கூடப் பகல் பதினொன்றரை மணி நேரம். வட இங்கிலாந்தில் ஏழரை மணி நேரம்தான், மாலை நாலு மணிக்குள் பொழுது அடைந்துவிடும். முதல் ஆண்டில் எனக்கு ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது என்றே நினைத்தேன். எந்நேரமும் தூக்கம், சமைக்க மனமில்லை, போன் அடித்தால் எடுக்கப் பிடிக்கவில்லை. அதில் பாதி, வெயில் இல்லாததால் வந்த கோளாறு. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லாருமே தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளச் சொல்கிறது பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். நம்மைப் போல் கறுத்த தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுக்க எடுப்பதையே யோசிக்கலாம். சூப்பர் மார்க்கெட்டிலேயே மாத்திரை கிடைக்கும். மதியம் ஒரு மணிக்கு அரை மணி நேரமாவது வெளியே நடங்கள்.

மீதிப் பாதி, யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தது. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அம்மா கூப்பிட்டு, "மக்ளே, சாப்பிட்டியா?" என்பார். "ஆமாம்மா, நல்லா இருக்கேன்" என்போம். வீட்டில் ரப்பர் தோட்டத்தை வைத்துக் கடன் வாங்கியிருப்பார்கள், வேறென்ன சொல்ல முடியும்? ஊரில் ஒருவருக்குத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்ற பயமும் இருக்கிறது. அதே பழக்கத்தை அங்கேயும் கொண்டுபோகிறோம். பல்கலைக்கழகமோ நாம் சொல்லாதவரை எதையும் தெரிந்துகொள்ளாத இடம்.

என் கதை இது. முதல் ஆண்டு ஜனவரியில், தேர்வுக்கு நான்கு நாள் முன்பு பாட்டி இறந்துவிட்டார். தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். எங்கள் தெரு மதிலில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர். யாரிடமும் சொல்லாமல் தேர்வு எழுதினேன், தோற்றேன். முடிவு வந்தபிறகுதான் மாணவர் சங்கத்தின் ஆலோசனை மையத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மையார், பாட்டி இறந்ததைச் சொல்லி ஏன் முன்னாலேயே படிவம் போடவில்லை என்று கேட்டார். பல பல்கலைக்கழகங்களில் ஒரு விதி உண்டு: தேர்வு அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், 'எழுதத் தகுதியான நிலையில் இருக்கிறேன்' என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. அப்புறம் என்ன காரணம் சொன்னாலும் எடுபடுவது கஷ்டம். ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்றார். போனில் போஸ்டரைக் காட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். முதல் வரியை ஆங்கிலத்தில் சொல்லப் போய், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதேன்.

அந்தப் படிவத்துக்கு எக்ஸ்டென்யுவேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ் என்று பெயர், சில இடங்களில் மிட்டிகேட்டிங் என்பார்கள். நோய், வீட்டில் சாவு, மனநிலை என எதுவானாலும் தேர்வுக்கோ கடைசித் தேதிக்கோ முன்னாலேயே போட்டுவிடுங்கள். தேர்வைத் தள்ளிவைக்கவோ கூடுதல் நாள் கொடுக்கவோ இதில் வழி இருக்கிறது. ஆதாரத்துக்கு இறப்புச் சான்றிதழை ஊரிலிருந்து அனுப்பச் சொல்லலாம். தமிழ்நாட்டுச் சான்றிதழில் ஆங்கிலமும் இருப்பதால் மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம். ஆதாரம் வர நாளாகும் என்றாலும் படிவத்தை முதலில் போடுங்கள், ஆதாரம் பின்னால் வரட்டும்.

மாணவர் சங்கம் என்றதும் நம் கல்லூரித் தேர்தல் நினைவுக்கு வரும். அங்கே அது பல்கலைக்கழக நிர்வாகத்தின் கீழ் இல்லாத அமைப்பு, ஆலோசனை இலவசம். மதிப்பெண் மேல்முறையீடு, வீட்டு வாடகைத் தகராறு எதற்கும் அங்கே போகலாம். பெர்சனல் டியூட்டர் என்று ஒரு பேராசிரியரையும் உங்களுக்கு ஒதுக்கியிருப்பார்கள். 'சார்' போட்டு நடுங்க வேண்டாம். "இரண்டு வாரமாக வகுப்புக்கு வர முடியவில்லை, பேச வேண்டும்" என்று இரண்டு வரி மின்னஞ்சல் போதும்.

கவுன்சலிங் பல்கலைக்கழகத்திலேயே இலவசம். இணையத்தில் படிவம் நிரப்ப வேண்டும், பொதுவாகச் சில அமர்வுகள்தான் தருவார்கள். தேர்வு நெருங்க நெருங்கக் காத்திருப்போர் வரிசை நீளும், அதனால் முடிந்தவரை சீக்கிரமே பதிந்துவிடுங்கள். நம் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "விசா போயிடுமா அக்கா?" போகாது. கவுன்சலரிடம் பேசுவது விசா கொடுக்கும் பிரிட்டன் உள்துறைக்குப் போகாது, வீட்டுக்கும் போகாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே அந்த ரகசியம் தளரும். விசாவைத் தொடுவது வேறு விஷயம். சொல்லாமல் வகுப்புக்குப் போகாமல் இருந்தால் பல்கலைக்கழகம் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். படிப்பை நிறுத்திவைக்கப் போகிறீர்கள், அதுவும் 60 நாளுக்கு மேல் என்றால், கையெழுத்துப் போடும் முன் சர்வதேச மாணவர் ஆலோசகரைக் கட்டாயம் பாருங்கள்.

ஏற்கெனவே உடல், மன நோய் எதற்காவது மருந்து எடுப்பவர்கள், படிப்பதில் சிரமம் உள்ளவர்கள் பல்கலைக்கழகத்தின் டிசெபிலிட்டி சர்வீஸில் (மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிப் பிரிவு) பதியலாம். பெயரைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் வெளிநாட்டு மாணவருக்கும் பொருந்தும். தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை எல்லாம் கிடைக்க வழியுண்டு.

அப்புறம் டாக்டர். மாணவர் விசாவுக்கு ஆண்டுக்கு 776 பவுண்ட் சுகாதாரக் கட்டணம் கட்டித்தான் போயிருக்கிறீர்கள். அப்படியிருந்தும் ஊரிலிருந்து பாராசிட்டமால் அட்டையைக் கொண்டுபோய் மூன்று மாதம் ஓட்டுகிறவர்கள் நம்மில் ஏராளம். பக்கத்திலுள்ள ஜி.பி.யிடம், அதாவது பொது மருத்துவரிடம், பதிவது இலவசம். வீடு மாறியிருந்தால் முகவரியை மாற்றச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் நான் கடைசியாக வாங்கியபோது சீட்டில் எழுதிய ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்ட். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அந்தக் கட்டணமே கிடையாது.

ராத்திரி இரண்டு மணிக்குத் தாங்க முடியாமல் போனால் 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள், மனநல உதவிக்கு அதுதான். உயிருக்கு ஆபத்து என்றால் 999. பேச ஒரு ஆள் மட்டும் வேண்டுமென்றால் சமாரிட்டன்ஸ், 116 123, எந்நேரமும் இலவசம். ஊரில் இருக்கிற இந்த நாட்களிலேயே மனசு சரியில்லை என்றால் இந்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416. அதில் தமிழிலேயே பேசலாம்.

பணம். படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேர வேலைதான், திங்கள் முதல் ஞாயிறு வரை கணக்கு. முதுகலை மாணவர்களுக்குக் கோடையும் ஆய்வேடு எழுதும் காலம்தான், அப்போதும் அதே 20. அடுத்தவர் கணக்கில் சாப்பாடு டெலிவரி ஓட்டாதீர்கள். சுயதொழில் மாணவர் விசாவுக்கு ஆகாது, பிடிபட்டால் தோட்டமும் போகும், படிப்பும் போகும். அதற்குப் பதில், பணக் கஷ்டத்தில் இருக்கும் மாணவருக்குப் பல்கலைக்கழகம் தரும் ஹார்ட்ஷிப் ஃபண்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவருக்கும் தருகின்றன. அது அரசுப் பணம் அல்ல, விசா நிபந்தனையை மீறியதாகாது. விடுமுறையில் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் புது எண்ணை உங்கள் இவிசா (இணையத்தில் உள்ள விசா பதிவு) கணக்கில் ஏற்றிவிட்டு விமான நிலையம் போங்கள்.

இனி பெட்டி. இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. பால்கோவா, நெய் இரண்டும் அதில் அடக்கம். அம்மா நெய்ப் புட்டியைச் சட்டைக்குள் சுருட்டி வைத்திருப்பதை இப்போதுதான் பார்த்தேன், இனிமேல்தான் சண்டை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். கருப்பட்டி, நேந்திரங்காய் சிப்ஸ், அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து தாராளமாகப் போகும். மார்த்தாண்டம் தேன் 2 கிலோவுக்குள் இருக்கட்டும். மரச்சீனிக் கிழங்கைச் சுமக்காதீர்கள், அங்கே ஆப்பிரிக்கக் கடையில் கசாவா என்று கேட்டால் கிடைக்கும். மீனுக்குத் தடையில்லை, கருவாடும் போகும். ஆனால் மூன்று கவருக்குள் கட்டுங்கள். விடுதியில் ஆறு பேருக்கு ஒரே அடுக்களை, வறுக்கப் போகிற அன்று ஜன்னலைத் திறந்துவைத்து, மற்ற ஐந்து பேரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.