மோனோ சுவிட்சைப் போட்டால் சாக்ஸபோனைக் காணோம்

உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடையில் 1959 ஜாஸ் எல்பி இசைத்தட்டு ஒன்று கிடைத்தது, மோனோ பதிப்பு (இரண்டு பக்கமும் ஒரே ஒலி). அதே தட்டின் ஸ்டீரியோ பதிப்பு (இடதும் வலதும் தனித்தனி ஒலி) ஏற்கெனவே என்னிடம் உண்டு. சரி, ஒப்பிட்டுக் கேட்போம் என்று உட்கார்ந்தேன். ஆம்ப்ளிஃபயரில் இடது, வலது சேனல்களைக் கூட்டி ஒன்றாக்கும் மோனோ சுவிட்சைப் போட்டால் கீறல் சத்தம் குறைய வேண்டும். ஆனால் சாக்ஸபோனும் பேஸும் மறைந்து, பொரிகிற சத்தம் மட்டும் நின்றது.

தட்டைக் கழுவினேன். ஊசியை மாற்றினேன். காந்திபுரத்தில் ஆம்பைத் திறந்து பார்த்தவர், "இதுல ஒண்ணும் கோளாறு இல்லீங்க" என்று திருப்பிக் கொடுத்தார். நாலு நாள் வீண்.

துப்பு ஹெட்போனில் கிடைத்தது. மோனோ தட்டு நடு மண்டையில் கேட்க வேண்டும். எனக்கோ இரண்டு காதோரமும் பிளந்து கேட்டது. ஸ்டீரியோ தட்டில் இதைத்தான் 'ஆஹா, என்ன விசாலம்' என்று மெச்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மோனோ தட்டில் இசை முழுக்க ஊசியின் பக்கவாட்டு அசைவில் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவு வெறும் இரைச்சல். ஒரு சேனலில் மட்டும் பிளஸ்ஸும் மைனஸும் தலைகீழாக இருந்தால், இரண்டையும் கூட்டும்போது இசை அடிபட்டு இரைச்சல் மிஞ்சும். போன மாதம் நானே மாட்டிய கார்ட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் சின்னப் பெட்டி) பின்னால் டார்ச் அடித்தேன். வலது சேனலின் பிளஸ்ஸுக்குச் சிவப்புக் கம்பி, மைனஸுக்குப் பச்சைக் கம்பி வர வேண்டும். இரண்டும் இடம் மாறியிருந்தன. ட்வீசரால் மாற்ற இரண்டு நிமிஷம். (தலைமுடி மாதிரி கம்பி, அதை இழுக்காமல் நுனிக் கிளிப்பைப் பிடிக்க வேண்டும்.) சுவிட்சைப் போட்டதும் சாக்ஸபோன் நடுவில் வந்து நின்றது.