பழைய கணினியை ஏலத்தில் எடுப்பது எப்படி, கையைச் சுட்டுக்கொள்ளாமல்

ஏலத்தில் நான் எடுத்த முதல் கொமடோர் 64, 1980களின் வீட்டுக் கணினி, வந்து இறங்கிய அன்று எல்லாம் நன்றாகத்தான் போனது. நீலத்திரை வந்தது, கர்சர் கண் சிமிட்டியது, ஒரு விளையாட்டை ஏற்றினேன், அதுவும் ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை. டிவியில் ஒலியைக் கூட்டிப் பார்த்தேன், கேபிளை மாற்றிப் பார்த்தேன், கடைசியில் அடியில் இருக்கும் மூன்று திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்தால், ஒலி சிப் இருக்க வேண்டிய சாக்கெட் காலி. சிட் என்று சொல்லும் அந்தச் சிப்பை மின்னணு இசைக்காரர்கள் இன்றைக்கும் தேடித் தேடி வாங்குகிறார்கள், யாரோ அதைப் பிடுங்கித் தனியாக விற்றுவிட்டு மிச்சத்தை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். விளம்பரத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "பவர் ஆகிறது, வேறெதுவும் சோதிக்கவில்லை." பொய் என்றும் சொல்ல முடியாது.

நான் கொடுத்ததோ, முழுதாக வேலை செய்யும் இயந்திரத்துக்கான விலை. "சோதிக்கவில்லை" என்ற சொல்லுக்குள் என் ஆசையை நானே நிரப்பிக்கொண்டு பணத்தைக் கட்டியிருந்தேன். இந்தக் குறிப்பு பெரும்பாலும் அந்தத் தப்பைச் சுற்றித்தான் போகும்.

விலை ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது என்று கேட்டால், காரணங்களில் மர்மம் ஒன்றும் இல்லை. 1980களில் இந்த இயந்திரங்களை வைத்திருந்த சிறுவர்களும், அதைவிட முக்கியமாக, வைத்திருக்க முடியாமல் ஏங்கிய சிறுவர்களும் இப்போது சம்பாதிக்கிறார்கள். 2020இல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது நிறையப் பேருக்குப் பழைய ஆசை திரும்பி வந்தது. ஏதாவது ஒரு மாடலைப் பற்றி நல்ல வீடியோ ஒன்று வந்தால் அடுத்த வாரமே அதன் விலை துள்ளும். இயந்திரங்களோ குறைந்துகொண்டே போகின்றன, பழுதானவை மட்டுமில்லை, நல்லவையும்தான். பழைய பீங்கான் உறை ப்ராசஸர்களைத் தங்கத்துக்காக உருக்குகிறார்கள், ஐபிஎம்மின் பழைய விசைப்பலகைகளை விசைப்பலகைப் பிரியர்கள் தனியாகக் கொண்டுபோய்விடுகிறார்கள். அப்புறம் விசைப்பலகை இல்லாத ஐபிஎம் 5150 கணினிப் பெட்டி ஒன்று "அபூர்வம்" என்ற பட்டத்தோடு ஏலத்துக்கு வரும்.

சரி, வாங்கத்தான் போகிறீர்கள். முதல் வேலை, விற்பவர் கேட்கும் விலையைப் பார்ப்பதை நிறுத்துங்கள். ஒருவர் வாய்க்கு வந்த விலையைப் போட்டு வைப்பார், அது மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும், அடுத்தவர் தன் பரணில் கிடைத்ததை விற்க வரும்போது அதைப் பார்த்து "ஓ, இதுதான் நடப்பு விலை" என்று நினைத்து அதற்கும் மேலே போடுவார். விற்காத பொருளின் விலை வெறும் கனவு. பெரிய ஏலத் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது, அதைப் போட்டுக் கடைசி இரண்டு மூன்று மாதங்களில் உங்கள் மாடல் எவ்வளவுக்குப் போனது என்று எழுதி வையுங்கள். எழுதும்போது மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: படத்தோடு வேலை செய்வதைக் காட்டியவை, "சோதிக்கவில்லை" என்றவை, பழுது என்று நேராக ஒத்துக்கொண்டவை.

இதைச் செய்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். நான் எழுதி வைத்த பட்டியல்களில் நடுப் பத்தி எப்போதும் முதல் பத்திக்கு ஒட்டியே இருந்தது, மூன்றாவது மட்டும் கீழே கிடந்தது. ஆனால் உள்ளே திறந்து பார்த்தால் இரண்டாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய ஒரே பொருள்தான். வீட்டில் ப்ளக் பாயின்ட் இல்லாதவரா விற்கிறார்? பவர் சப்ளை கூடவே கிடக்கிறது, டிவியும் இருக்கிறது, ஆனால் சோதிக்க மட்டும் நேரமில்லையாம். பெரும்பாலும் சோதித்திருப்பார், வந்த விடை பிடித்திருக்காது. அதனால் என் விதி: ஒன்று, வேலை செய்வதை நிரூபித்ததை முழு விலைக்கு வாங்குங்கள், இல்லையென்றால் செத்தது என்று சொல்லி விற்பதைச் செத்த விலைக்கு வாங்கிப் பழுது பாருங்கள். நடுவில் கிடப்பதைச் செத்த விலைக்குக் கிடைத்தால் ஒழியத் தொடாதீர்கள். பழுதானதை வாங்குவது ஒன்றும் கேவலமில்லை. ஈபே ஏலத் தளம் 1995இல் தொடங்கியபோது அங்கே முதலில் விற்ற பொருளே உடைந்த லேசர் பாயின்டர்தான், 14.83 டாலருக்கு, வாங்கியவருக்கும் அது உடைந்தது என்று தெரிந்தேதான்.

நடுப் பத்தி ஏன் இவ்வளவு ஏறுகிறது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு, 1971இல் கடலடி எண்ணெய் வயல் ஏலங்களை ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள் எழுதியது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு பொருளைப் பத்துப் பேர் மதிப்பிடுகிறார்கள் என்று வையுங்கள். சிலர் குறைத்து மதிப்பிடுவார்கள், சிலர் கூட்டி. ஏலம் யாருக்குப் போகும்? எல்லாரையும்விட அதிகமாகக் கூட்டித் தப்புக் கணக்குப் போட்டவருக்கு. இதற்கு வென்றவரின் சாபம் என்று பெயர். சோதிக்காத கணினி என்பது மண்ணுக்குள் இருக்கும் எண்ணெய் மாதிரிதான், ஜெயித்தோம் என்ற செய்தி வந்ததுமே கொஞ்சம் பயப்பட வேண்டும்.

அடுத்து, விற்பவரிடம் பேசுங்கள். நிறையப் பேர் கூச்சப்பட்டுக்கொண்டு இதைச் செய்வதே இல்லை. நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "வணக்கம், உங்கள் இயந்திரம் பிடித்திருக்கிறது. மூடியைத் திறந்து மதர்போர்டின் படம் ஒன்று போட முடியுமா? அடிப்பக்கத்து எண் தெரியும்படி ஒரு படமும் வேண்டும். பேட்டரி இருந்தால் அதன் பக்கத்தில் நெருக்கமாக ஒரு படம். கூட வரும் பவர் சப்ளை அசல்தானா? பெட்டிக்குள் பெட்டி வைத்து அனுப்ப முடியுமா, கூடுதல் செலவை நான் தருகிறேன்." இதற்கு வரும் பதிலைவிட, பதில் வருகிற விதம் நிறையச் சொல்லும். "படத்தில் இருப்பதுதான் பொருள்" என்று வெட்டிப் பேசினால் நகர்ந்துவிடுங்கள். பொறுமையாக நாலு படம் எடுத்து அனுப்புகிறவர் பார்சலையும் பொறுமையாகத்தான் கட்டுவார்.

படத்தில் எதைத் தேட வேண்டும் என்பது மாடலைப் பொறுத்தது. கொமடோரின் இன்னொரு கணினி வரிசையான அமிகாக்களில் 500 ப்ளஸ், 2000, 3000, 4000 ஆகியவற்றின் மதர்போர்டில் பீப்பாய் வடிவ ரீசார்ஜ் பேட்டரி ஒன்று பற்றவைத்திருக்கும், அது ஒழுகிச் சுற்றியுள்ள செம்புத் தடங்களைத் தின்றுவிடும், பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தால் அதுதான். சாதாரண 500இல் மதர்போர்டு தப்பிக்கும், ஆனால் அடியில் செருகும் நினைவக அட்டையில் அதே பேட்டரி ஒளிந்திருக்கும். அமிகா 600, 1200, 4000 இவற்றில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன அலுமினியக் கெப்பாசிட்டர்கள் ஒழுகும். ஆப்பிளின் மெக்கின்டோஷ் எஸ்இ/30 வாங்குகிறவர்களுக்குக் கெப்பாசிட்டர், பேட்டரி இரண்டு தலைவலியும் சேர்த்தே உண்டு, அதன் 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி வெடித்தால் போர்டையும் உள்ளிருக்கும் உலோகச் சட்டத்தையும் துருவாக்கிவிடும். அதனால் வெளியே பளபளவென்று இருக்கும் மெக்கைக் கண்டு மயங்காதீர்கள். சின்க்ளேரின் ஸ்பெக்ட்ரம் கணினியில் விசைப்பலகையின் மெல்லிய பிளாஸ்டிக் நாடா காய்ந்து ஒடியும், ஆனால் புது நாடா கிடைக்கிறது, மாற்றுவதும் சுலபம், அதற்காக ஒரு நல்ல இயந்திரத்தை விட்டுவிட வேண்டாம். மஞ்சள் படிந்த மேலோடும் அப்படித்தான். அழுக்கில்லை அது, பிளாஸ்டிக்கே நிறம் மாறியிருக்கிறது, ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலும் வைத்து வெளுக்கலாம், சில நேரம் திரும்பவும் மஞ்சளாகும். மஞ்சளைக் காட்டி விலை குறைந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

எண்களையும் பாருங்கள். முதல் மெக்கின்டோஷின் பின்பக்கத்தில் எம்0001 என்று இருக்கும், 512கே மாடலில் கடைசியில் டபிள்யூ, ப்ளஸ் மாடலில் ஏ. மேலோட்டை மாற்றிப் போட்டு முதல் மாடல் என்று விற்க முயல்கிறவர்கள் உண்டு, மேலோட்டின் எண்ணும் போர்டின் படமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சிட் சிப்பைத் தனியாக வாங்குவதாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை, வேறு எதையோ சுரண்டி மேலே 6581 என்று அச்சடித்து விற்பது சாதாரணமாக நடக்கிறது. அதற்குப் பதிலாகப் பொருந்தும் நவீன மாற்றுச் சிப்புகள் இருக்கின்றன, என் காலி சாக்கெட்டில் இப்போது அதில் ஒன்றுதான் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது மொத்தக் கணக்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தப் பொழுதுபோக்குக்காகவே எழுதியது போல இருக்கும். ஏலத் தொகை, அதன் மேல் அனுப்பும் செலவு, நாடு தாண்டினால் சுங்க வரி, இடையில் ஒரு முகவர் இருந்தால் அவர் கட்டணம், அப்புறம் நிச்சயமாகத் தேவைப்படும் பவர் சப்ளை, கெப்பாசிட்டர் தொகுப்பு, ஃப்ளாப்பிக்குப் பதிலாக மெமரி கார்டு வைக்கும் கருவி. ஜப்பானிலிருந்து ஷார்ப் எக்ஸ்68000 கணினியை எடுக்க ஆசைப்பட்டால் அங்கே மின்சாரம் 100 வோல்ட் என்பதையும் கணக்கில் வையுங்கள், பெரும்பாலான இடங்களில் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்று வேண்டியிருக்கும். அமெரிக்க கொமடோரின் வீடியோ வேறு, ஐரோப்பிய கொமடோரின் வீடியோ வேறு, உங்கள் திரை எதை ஏற்கும் என்று முன்பே பாருங்கள். பழைய டிவி போன்ற குழாய்த் திரை மானிட்டரை மட்டும் பார்சலில் வரவழைக்காதீர்கள். நேரில் போய் எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள், குழாயின் கழுத்து ஒடிந்த பெட்டியைப் பிரிக்கும் துக்கம் யாருக்கும் வேண்டாம்.

இவற்றையெல்லாம் உங்கள் உச்சத் தொகையிலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் ஏலத்தில் கேட்க வேண்டிய எண். அதைக் காகிதத்தில் எழுதுங்கள். மனதில் வைத்தால் கடைசி நிமிடத்தில் அது வளரும், எனக்கு வளர்ந்திருக்கிறது.

கேட்கும் முறை எளிது. பெரும்பாலான தளங்களில் நீங்கள் உச்சத் தொகையைக் கொடுத்தால், இரண்டாவதாக இருப்பவரைத் தாண்ட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் தளம் உங்கள் சார்பில் ஏற்றும். அதனால் உச்சத்தை ஒரே தடவையில் கொடுப்பதால் நஷ்டமில்லை. ஆனால் மூன்று நாள் முன்பே கொடுத்தால் எதிராளிக்கு யோசிக்கவும் கோபப்படவும் நேரம் கிடைக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி உங்கள் எல்லையைத் தடவிப் பார்த்துவிடுவார். அதனால் கடைசிப் பத்து நொடிக்குள் ஒரே ஒரு தடவை, அந்தக் காகிதத்து எண்ணை. முழு எண்ணாக இல்லாமல் கொஞ்சம் சில்லறை சேர்த்துப் போடுங்கள், எல்லாரும் நூறு என்றால் நூற்று மூன்று ஜெயிக்கும். கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் முடிவு நேரம் தானாக நீளும் தளங்களும் இருக்கின்றன, ஜப்பானிய ஏலங்களில் இது சகஜம், அங்கே இந்த உத்தி பலிக்காது, காகிதம் மட்டும்தான் துணை. தோற்றால் தோற்றதுதான். உடனே அதே மாடலின் அடுத்த ஏலத்துக்கு ஓடி ஆத்திரத்தில் கேட்காதீர்கள், நான் செய்த இரண்டு மோசமான கொள்முதல்கள் தோற்ற அன்று இரவே நடந்தவை.

ஒரே விற்பவரின் பொருள்களில் மட்டும் திரும்பத் திரும்ப விலையை ஏற்றிவிட்டு, எதையும் ஜெயிக்காமல் ஒதுங்கும் கணக்கு ஒன்றைக் கண்டால் விலகுங்கள். ஆள் வைத்து ஏற்றுவது பெரிய தளங்களில் தடைதான், ஆனாலும் நடக்கிறது. தளத்துக்கு வெளியே முடித்துக்கொள்ளலாம், குறைத்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் போனால் பாதுகாப்பு எதுவும் கூட வராது.

போட்டி குறைவான இடம் வேண்டுமா, எழுத்துப்பிழையோடு தேடுங்கள். கொமடோரில் ஒரு எழுத்தை விழுங்கி எழுதியவர், அமிகாவைத் தப்பாக எழுதியவர், மாடல் பெயரே தெரியாமல் "பழைய டைப்பிங் கம்ப்யூட்டர்" என்று போட்டவர், இவர்களின் ஏலத்துக்குக் கூட்டம் வராது. மொத்தமாக ஒரு பெட்டி கேபிள்களோடு சேர்த்து விற்பவற்றையும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், எனக்கு ஒரு நல்ல டிஸ்க் ட்ரைவ் அப்படித்தான், பிரிண்டர் கேபிள்களுக்கு அடியில் கிடைத்தது.

பெட்டி வந்ததும் பிரிப்பதையே வீடியோ எடுங்கள், புகார் கொடுக்கக் கால வரம்பு உண்டு, அலமாரியில் மூன்று மாதம் வைத்துவிட்டுத் திறந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அவசரப்பட்டு ப்ளக்கில் செருகவும் வேண்டாம். கொமடோர் 64இன் அசல் பவர் சப்ளை, பிசின் ஊற்றி அடைத்த கட்டி, உள்ளே மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதைவிடக் கூடுதலாக வந்து நினைவகச் சிப்புகளைப் பொசுக்கிவிடும். அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாகத் தயாரிப்பதை வாங்குங்கள். பிபிசி மைக்ரோ, ஆப்பிள் டூ கணினிகளில் பவர் சப்ளைக்குள் இருக்கும் ரிஃபா நிறுவனத்துக் கெப்பாசிட்டரின் உறை விரிசல் விட்டு ஈரம் உறிஞ்சியிருக்கும், மின்சாரம் கொடுத்த கொஞ்ச நேரத்தில் படாரென்று வெடித்து வீடெல்லாம் நாற்றப் புகை. இயந்திரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், வீட்டில் இருப்பவர்களின் பொறுமை பிழைக்குமா என்பதுதான் சந்தேகம்.

கடைசியாக ஒன்று, இதை ஏலத்துக்கு முன்பே கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது: உங்களுக்கு வேண்டியது இயந்திரமா, அதில் ஓடிய விளையாட்டா? விளையாட்டு மட்டும்தான் என்றால் வைஸ் என்ற எமுலேட்டர், கொமடோரை இன்றைய கணினியில் நடித்துக் காட்டும் மென்பொருள், இலவசமாகக் கிடைக்கிறது, இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால் பழைய வன்பொருளையே சிப்பில் திரும்பக் கட்டும் மிஸ்டர் என்ற கருவி இருக்கிறது. இரண்டு வாரம் அதில் விளையாடிப் பாருங்கள். அதற்கு அப்புறமும் அந்தப் பழுப்பு விசைகளைத் தட்ட விரல் துடித்தால், காகிதத்தை எடுத்து எண்ணை எழுதுங்கள்.