குழுவாக நாப்கின் யூனிட் போடுவது எப்படி?

மகளிர் சுய உதவிக் குழுக்களோடு வேலை செய்கிறேன். மாதவிடாய்க்கான நாப்கின் தயாரிக்கும் யூனிட் போட வருகிறவர்களிடம் முதலில் பேசுவது லாபத்தைப் பற்றித்தான். போட்ட முதல் திரும்பி வரட்டும். அதற்கு மேல் வருவது யூனிட்டுக்குள்ளேயே இருக்கட்டும். லாபத்துக்காக இல்லாமல் சமூகத் தேவைக்காக நடத்தும் ‘சமூகத் தொழிலுக்கு’, வங்கதேசத்தில் கிராமீன் வங்கியைத் தொடங்கிய முகமது யூனுஸ் வகுத்த விதிகளில் இதுவும் ஒன்று. தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இயந்திரத்துக்குக் கோவை அருணாசலம் முருகானந்தம் உருவாக்கிய சிறிய வகை போதும். மரக்கூழை அரைத்து, அச்சில் அழுத்தி, மெல்லிய துணி சுற்றி, புற ஊதா ஒளியில் கிருமி நீக்க வேண்டும். சீக்கிரமே கைக்கு வந்துவிடும்.

கஷ்டம் விலை வைப்பதில்தான். மரக்கூழ், துணி, பசை, கவர், கரண்ட், வாடகை, அப்புறம் கூலி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். "நம்ம வேலைதானே" என்று கூலியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கூலி தராத யூனிட்டில் ஏழைப் பெண் எத்தனை நாள் நிற்பாள்? 2018 ஜூலை முதல் நாப்கினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் மூலப்பொருளுக்குக் கட்டிய வரி திரும்ப வராது, அதையும் செலவில் சேருங்கள்.

விற்பதற்குக் கடையை மட்டும் நம்ப வேண்டாம். கடைக்காரரிடம் கேட்கக் கூச்சப்படும் பெண்களுக்கு வீட்டுக்கே கொண்டுபோங்கள். முழு பாக்கெட்டுக்குக் காசில்லாதவருக்கு இரண்டு மூன்றாகவும் கொடுங்கள்.