நேம்நோட் எழவில்லையா? முதலில் எதையும் அழிக்காதீர்கள்

பல மெஷின்களைச் சேர்த்துப் பெரிய தரவைக் கையாளும் ஹடூப் மென்பொருளைப் பழக வரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்களுடைய கிளஸ்டர்களை, அதாவது அந்த மெஷின் கூட்டங்களை, பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்கிறது. ஹடூப்பின் கோப்பு அமைப்பான ஹெச்டிஎஃப்எஸ்ஸில் மெட்டாடேட்டா (கோப்புகளைப் பற்றிய குறிப்புகள்) சிக்கல் என்று வந்தால், நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே தப்புகளை அதே வரிசையில் இவர்களும் செய்கிறார்கள். ஜாவா பாத் தப்பு, ஹோஸ்ட்நேம் தப்பு, போர்ட் மூடியிருக்கிறது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை லாகைப் பார்த்ததும் தெரிந்துவிடும், யாருடைய தரவும் போகாது. தரவைக் காவு வாங்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு அடிப்படை. ஒரு பெரிய கோப்பை ஹெச்டிஎஃப்எஸ் 128 எம்பி அளவுள்ள பிளாக்குகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் 3 பிரதிகளாக டேட்டாநோட் என்ற சேமிப்பு மெஷின்களில் வைக்கிறது. கோப்பின் பெயர், எந்த அடைவில் இருக்கிறது, யாருக்கு அனுமதி, எந்த பிளாக்குகள் எந்த வரிசையில் சேர்ந்து அந்தக் கோப்பு ஆகின்றன என்பதெல்லாம் நேம்நோட் என்ற தலைமை மெஷினின் நினைவகத்தில் இருக்கும். வட்டில் அது எஃப்எஸ்இமேஜ் என்ற முழுப் படமாகவும், அதற்குப் பின் நடந்த மாற்றங்களைக் குறிக்கும் எடிட்ஸ் கோப்புகளாகவும் கிடக்கும். எந்த பிளாக் எந்த மெஷினில் இருக்கிறது என்பதை மட்டும் நேம்நோட் வட்டில் எழுதுவதே இல்லை. ஒவ்வொரு முறை எழும்போதும் டேட்டாநோட்கள் அனுப்பும் பிளாக் ரிப்போர்ட்டைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது.

டேட்டாநோட்டின் வட்டுக்குள் போய்ப் பாருங்கள். அடைவுக்குள் அடைவாக இறங்கினால் ஒரு நீண்ட எண்ணைப் பெயராகக் கொண்ட பிளாக் கோப்பு, பக்கத்திலேயே அதன் செக்சம் (பிழை கண்டறியும் எண்) இருக்கும் சின்ன மெட்டா கோப்பு. இப்படியே ஆயிரக்கணக்கில். எந்த இடத்திலும் உங்கள் கோப்பின் பெயர் இருக்காது. நிலமெல்லாம் அப்படியே கிடந்து, எது யாருடையது என்று சொல்லும் பட்டாப் பதிவேடு மட்டும் எரிந்துபோனால் என்ன நிலையோ, எஃப்எஸ்இமேஜ் போனால் அதே நிலை.

எழவில்லை என்றதும் ஃபார்மட் செய்வது

எனக்கு இன்றுவரை ஆத்திரம் வரவழைக்கும் தவறு இது. செய்பவர்கள் மேல் அல்ல, இதைத் தீர்வு என்று எழுதிவைக்கிறவர்கள் மேல். இணையத்தில் 'நேம்நோட் எழவில்லை' என்று தேடினால், நேம்நோட் அடைவை வெறுமையாக்கிப் புதிதாகத் தொடங்கும் ஃபார்மட் கட்டளையைப் போடச் சொல்லும் பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. காலியான புது கிளஸ்டரில் அது சரி. தரவு இருக்கும் கிளஸ்டரில் அது பேரழிவு. இந்த வித்தியாசத்தை அந்தப் பதில்களில் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

ஒரு ராத்திரி, பழக்கமான தம்பி ஒருவர் கூப்பிட்டார். "அண்ணா, நேம்நோட் எழுந்துடுச்சு. ஆனா எல்எஸ் போட்டா ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது" என்றார். நடந்தது இதுதான். கெர்னல் அப்டேட்டுக்காக நேம்நோட் மெஷினை ரீபூட் செய்திருக்கிறார்கள். டேட்டாநோட்களுக்குப் பெரிய வட்டுகளில் தனி அடைவு கொடுத்தவர்கள், நேம்நோட் அடைவை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார்கள். ஹடூப்பின் இயல்பு அமைப்பில் அது டெம்ப் அடைவுக்குள் போய் உட்காரும். ரீபூட்டில் டெம்ப் துடைக்கப்பட்டுவிட்டது. லாகில் 'நேம்நோட் இஸ் நாட் ஃபார்மட்டட்' என்று வந்தது. அதைப் படிக்கிற எவருக்கும் ஃபார்மட் செய்யச் சொல்வதாகத்தான் தோன்றும். செய்துவிட்டார்.

அதோடு நின்றிருந்தாலும் பெரிய நஷ்டமில்லை. ஃபார்மட் செய்ததும் நேம்நோட்டுக்குப் புது கிளஸ்டர் ஐடியும் புது பிளாக்பூல் ஐடியும் வந்துவிடும். டேட்டாநோட்களின் வெர்ஷன் கோப்பில் பழைய ஐடிதான் இருக்கும். அதனால் அவை 'இன்கம்பாட்டிபிள் கிளஸ்டர்ஐடிஸ்' என்று சொல்லி இணைய மறுக்கும். உண்மையில் அந்த மறுப்புதான் உங்கள் தரவுக்கு இருக்கும் கடைசிப் பாதுகாப்பு. பிளாக்குகள் எல்லாம் வட்டில் அப்படியே இருக்கின்றன. ஆனால் தேடினால் அடுத்த பதில் என்ன வருகிறது? டேட்டாநோட் அடைவைக் காலி செய்துவிட்டு மறுபடி எழுப்புங்கள் என்று. தம்பி சில மெஷின்களில் அதையும் செய்து முடித்துவிட்டு, மிச்சத்தில் செய்யும் முன்தான் என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே எந்த மெஷின்லயும் ஆர்எம் போடாதீங்க. எல்லா டேட்டாநோடையும் நிறுத்துங்க" என்றேன். எடிட்ஸை இமேஜோடு அவ்வப்போது சேர்த்து வைக்கும் செகண்டரி நேம்நோட் வேறு மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது, அதை ரீபூட் செய்யவில்லை. அப்படிச் சேர்த்து வைப்பதைத்தான் செக்பாயின்ட் என்கிறோம். அதன் செக்பாயின்ட் அடைவில் பழைய எஃப்எஸ்இமேஜ் பத்திரமாக இருந்தது. முதலில் அதை இரண்டு இடங்களுக்கு நகலெடுத்தோம். புதிதாக ஃபார்மட் ஆன அடைவை நகர்த்தி வைத்துவிட்டு, காலி அடைவோடு இம்போர்ட் செக்பாயின்ட் கொடுத்து நேம்நோடை எழுப்பினோம். நேம்நோட் அடைவில் ஏற்கெனவே ஒரு இமேஜ் இருந்தால் இந்தக் கட்டளை வேலை செய்யாது என்பதைக் கவனியுங்கள். பழைய கிளஸ்டர் ஐடி திரும்ப வந்ததும், துடைக்கப்படாத டேட்டாநோட்கள் தாமாகவே இணைந்தன. மூன்று பிரதிகள் இருந்ததால் பெரும்பாலான கோப்புகள் மீண்டன. மூன்று பிரதியும் துடைத்த மெஷின்களிலேயே இருந்த பிளாக்குகள் போயே போய்விட்டன. கடைசி செக்பாயின்ட்டுக்குப் பின் எழுதிய கோப்புகளுக்குப் பெயரே இல்லை.

பழைய இமேஜோடு எழும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு, இதைப் பலர் அறிவதில்லை. டேட்டாநோட் சொல்லும் ஒரு பிளாக் எந்தக் கோப்புக்கும் சொந்தமில்லை என்று நேம்நோட் கண்டால், அதை அழிக்கச் சொல்லிவிடும். செக்பாயின்ட்டுக்குப் பின் எழுதிய எல்லா பிளாக்குகளும் அதன் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். நேம்நோட் எதையும் மாற்றாமல் காத்திருக்கும் சேஃப் மோடில் இருக்கும்வரை அந்த அழிப்பு நடக்காது. பிந்தைய பதிப்புகளில், இமேஜ் அறியாத புதிய ஜெனரேஷன் ஸ்டாம்ப் (பிளாக்கின் பதிப்பு எண்) உள்ள பிளாக்குகளைக் கண்டால் நேம்நோட் சாதாரண லீவ் கட்டளைக்கும் சேஃப் மோடை விட்டு வெளியே வராது. ஃபோர்ஸ் எக்சிட் என்று தனியாகக் கேட்கும். தரவு போனாலும் பரவாயில்லை என்பவர்களுக்கான கட்டளை அது. அங்கே கையை எடுத்துவிட்டு, எங்கேயாவது புதிய எடிட்ஸ் மிச்சம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

நேம்நோட் அடைவை டெம்ப்பிலிருந்து இன்றைக்கே வெளியே எடுங்கள். இரண்டு வெவ்வேறு வட்டுகளின் பாதையைக் காற்புள்ளியால் பிரித்துக் கொடுத்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும், ஒன்று என்எஃப்எஸ் மவுன்ட்டாக, அதாவது நெட்வொர்க் வழியே இணைத்த வேறு மெஷினின் வட்டாக, இருக்கலாம். ஃபார்மட் கட்டளையில் ஃபோர்ஸ் போட்டு எந்த ஸ்கிரிப்டும் வைத்திருக்காதீர்கள். டிஎஃப்எஸ் ரீஃபார்மட் டிசேபிள்ட் என்ற அமைப்பை ட்ரூ ஆக்கினால், மெட்டாடேட்டா இருக்கும் அடைவை ஃபார்மட் செய்யவிடாது. அடைவே காலியாகிவிட்டால் அதுவும் தடுக்காது.

சேஃப் மோடைப் பிடுங்கிவிட்டு எஃப்எஸ்செக் டிலீட் போடுவது

எழுந்தவுடன் நேம்நோட் சேஃப் மோடில் நிற்பது கோளாறு அல்ல. மொத்த பிளாக்குகளில் 99.9 விழுக்காடு வந்து சேரும்வரை காத்திருக்கும், அதன்பின் இன்னும் 30 விநாடி. இன்னும் எத்தனை பிளாக் வர வேண்டும் என்பதை வெப் பக்கத்திலேயே எழுதிக் காட்டும். அந்த எண் குறைந்துகொண்டே வந்தால் பொறுத்திருங்கள். ஓர் இடத்தில் நின்றுவிட்டால் எந்த டேட்டாநோட் வரவில்லை, எந்த வட்டு மவுன்ட் ஆகவில்லை என்று பாருங்கள்.

பொறுமையில்லாதவர்கள் லீவ் கொடுத்து வெளியே வந்து, கோப்புகளைச் சோதிக்கும் எஃப்எஸ்செக் கட்டளையை ஓட்டி, 'கரப்ட்' என்று வருவதைப் பார்த்துப் பயந்து, டிலீட் ஆப்ஷனோடு மறுபடி ஓட்டுகிறார்கள். அந்த கரப்ட் பட்டியலில் இருப்பவற்றில் பாதி, அணைந்துகிடக்கும் ஒரு ரேக்கில் (மெஷின் அடுக்கில்) நலமாக இருக்கும் பிளாக்குகளாக இருக்கலாம். ரேக் திரும்ப எழும்போது அவற்றின் கோப்புப் பெயர்கள் நேம்நோட்டில் இருக்காது. பிறகு மேலே சொன்ன கதைதான், சொந்தமில்லாத பிளாக் அழிக்கப்படும்.

நேம்நோட் ஓடிக்கொண்டிருக்கும்போதே தானாக சேஃப் மோடுக்குப் போனால், முதலில் அதன் வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மெட்டாடேட்டா வட்டில் காலி இடம் 100 எம்பிக்குக் கீழே இறங்கினால் அப்படிச் செய்யும்.

இடம் போதவில்லை என்று எடிட்ஸை அழிப்பது

கூடாது. செக்பாயின்ட் ஏன் நடக்கவில்லை என்று பாருங்கள்.

செகண்டரி நேம்நோடை மாற்று நேம்நோட் என்று நம்புவது

முதலாவது விழுந்தால் இது எழுந்து நிற்காது. எடிட்ஸை இமேஜோடு சேர்த்துத் தருவது மட்டுமே இதன் வேலை. மாற்று வேண்டுமென்றால், எடிட்ஸைப் பொதுவாக வைத்திருக்கும் ஜர்னல்நோட்களோடு, வேலை செய்யும் ஆக்டிவ், தயாராக நிற்கும் ஸ்டாண்ட்பை என்று இரண்டு நேம்நோட்களை அமைக்க வேண்டும்.

அசலின் மேலேயே ரிகவர் ஓட்டுவது

எடிட்ஸில் ஒரு பதிவு கெட்டுப்போய் நேம்நோட் நின்றால் ரிகவர் ஆப்ஷன் உதவும். கெட்ட பதிவைத் தாண்டிப் போகவா என்று அது கேட்கும். தாண்டினால் அந்த மாற்றம் போய்விடும். அதற்கு முன் அடைவு முழுவதையும் நகலெடுங்கள். நகலின் மேல் ஆஃப்லைன் எடிட்ஸ் வியூவரை ஓட்டி எக்ஸ்எம்எல்லாக மாற்றினால், எந்தப் பதிவில் முறிகிறது, அது எந்தக் கோப்பைப் பற்றியது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பல நேரம் அது யாருக்கும் வேண்டாத ஒரு தற்காலிகக் கோப்பாக இருக்கும். சில நேரம் இருக்காது. பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சின்னக் கோப்புகளைக் கொட்டிவிட்டு ஹீப்பைக் கூட்டிக்கொண்டே போவது

ஒரு கோப்புக்கோ பிளாக்குக்கோ நேம்நோட் நினைவகத்தில் ஏறத்தாழ 150 பைட் ஆகும் என்பது பழைய கணக்கு. ஒரே பிளாக் உள்ள 1 கோடிக் கோப்புகள் என்றால் 3 ஜிபி. உள்ளே இருப்பது 1 கேபியா 100 எம்பியா என்பது நேம்நோட்டுக்குப் பொருட்டே இல்லை. ஹீப்பை, அதாவது ஜாவாவுக்கு ஒதுக்கும் நினைவகத்தை, கூட்டக் கூட்ட ஜாவாவின் குப்பை சேகரிப்பு (ஜிசி) நேம்நோட்டை நீண்ட நேரம் நிறுத்திவைக்கும். ஆக்டிவ் நேம்நோட் செத்துவிட்டது என்று எண்ணி ஸ்டாண்ட்பைக்கு மாறுவதும் அதனால் நடக்கும். அப்போது முதலில் கண்ணில் படுவது ஃபெயில்ஓவர் (அந்த மாற்றம்) தான், காரணத்தை ஜிசி லாகில் தேடுங்கள். கோப்புகளைச் சேர்த்து எழுதும்படி வேலைகளை மாற்றுங்கள், பழையவற்றை ஹெச்ஏஆர் (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் ஹடூப் ஆர்கைவ்) ஆக்குங்கள்.

செக்பாயின்ட்டின் வயதைப் பார்க்காமலிருப்பது

இயல்பு அமைப்பில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது 10 லட்சம் மாற்றங்கள் சேர்ந்ததும், செக்பாயின்ட் நடக்க வேண்டும். செகண்டரி எப்போதோ நின்றுபோய், எடிட்ஸ் மாதக்கணக்கில் குவிந்திருந்தால், அடுத்த ரீஸ்டார்ட்டில் அத்தனையையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துத்தான் நேம்நோட் எழும். அது தொங்கிவிட்டது என்று எண்ணி நடுவில் கில் செய்தால் மறுபடி முதலிலிருந்து. நேம்நோட்டின் கரன்ட் அடைவில் கடைசி எஃப்எஸ்இமேஜின் தேதியை வாரம் ஒருமுறையாவது பாருங்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் பழையதானால் அலர்ட் வரும்படி வையுங்கள். ஃபெட்ச் இமேஜ் கட்டளையால் அந்த இமேஜை நாள்தோறும் கிளஸ்டருக்கு வெளியே ஒரு மெஷினுக்கு இழுத்து வைக்கலாம், குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்கும் ஒரு கிரான் வரி போதும்.