கம்பெனி நன்கொடை யாருக்கு? ஊழியர்களே தேர்ந்தெடுக்க ஒரு செய்முறை

கம்பெனி கொடுக்கும் நன்கொடை எந்த இல்லத்துக்கு, எந்தப் பள்ளிக்கு என்பதை முதலாளியோ எச்.ஆர். மேலாளரோ முடிவு செய்வதுதான் வழக்கம். அதை ஊழியர்களிடம் விட்டால் பணம் சரியான இடத்துக்குப் போக வாய்ப்பு அதிகம். எந்த இல்லம் உண்மையாக நடக்கிறது, எந்த இல்லம் போர்டோடு சரி என்பது ஷிஃப்ட் முடிந்து அந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் பல இடங்களில் இந்த ஏற்பாடு ஒரு வருடத்தோடு நின்றுவிடுகிறது. முதலில் ஓட்டெடுப்பு, பிறகு ஆவணச் சோதனை என்று வரிசையைத் தலைகீழாக வைப்பதுதான் காரணம். ஜெயித்த அமைப்புக்குப் பதிவு இல்லை என்று அக்கவுண்ட்ஸ் பிரிவு கையை விரித்தால், அடுத்த வருடம் ஓட்டுப்போட ஆள் வராது. கோவையில் 200 பேர் வேலை செய்யும் ஒரு பம்ப்செட் கம்பெனியை உதாரணமாக வைத்து, முறையைப் பார்ப்போம்.

1. எந்தப் பணம், எவ்வளவு

கம்பெனிகள் சட்டம் 2013, 135-ஆம் பிரிவுப்படி, முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனிக்கு சி.எஸ்.ஆர். கடமை, அதாவது லாபத்தில் ஒரு பங்கைச் சமூக வேலைக்குச் செலவிடும் கடமை, உண்டு. கடந்த மூன்று வருட லாபத்தின் சராசரியில் 2 சதவீதம் செலவிட வேண்டும். இங்கே லாபம் என்பது 198-ஆம் பிரிவின்படி, வரிக்கு முன் கணக்கிடுவது. வரி போக மிஞ்சியதை வைத்துக் கணக்குப் போட்டால் தொகை குறைந்துபோகும்.

நம் உதாரணத்தில் லாபம் 4, 5, 6 கோடி. சராசரி 5 கோடி. ஒதுக்க வேண்டியது 10 லட்சம். ஒதுக்கீடு 50 லட்சத்தைத் தாண்டாதவரை தனி சி.எஸ்.ஆர். கமிட்டி கட்டாயமில்லை, இயக்குநர் குழுவே முடிவெடுக்கலாம். ஊழியர்கள் தருவது பரிந்துரைதான். கையெழுத்து இயக்குநர் குழுவுடையது. இதை முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

சி.எஸ்.ஆர். வரம்புக்குள் வராத சிறிய கம்பெனிக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. 80ஜி பதிவு (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் வருமான வரிப் பதிவு) உள்ள அமைப்பா என்று பார்த்து, செக் அல்லது வங்கி வழியாகக் கொடுத்தால் போதும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது.

2. குழு

ஏழு பேர் போதும். மெஷின் ஷாப், அசெம்பிளி, ஸ்டோர்ஸ், ஆபீஸ் என்று பிரிவுக்கு ஒருவர், ஒப்பந்தத் தொழிலாளர்களில் ஒருவர், அக்கவுண்ட்ஸிலிருந்து ஒருவர், எச்.ஆரிலிருந்து ஒருவர். எச்.ஆர். ஆளைத் தலைவராகப் போடாதீர்கள். போட்டால் மற்ற ஆறு பேரும் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

முதல் கூட்டத்திலேயே ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டியது ஒன்று உண்டு: தனக்கோ தன் உறவினருக்கோ எந்த அறக்கட்டளையிலாவது பொறுப்பு இருக்கிறதா என்பது. மச்சான் நடத்தும் டிரஸ்ட் தகுதியானதாகவே இருக்கலாம். அதைப் பற்றிய பேச்சு வரும்போது அவர் எழுந்து வெளியே போனால் போதும்.

3. பெயர் கேட்பது

ஜூலையில் தொடங்குங்கள். ஆபீஸ்காரர்களுக்கு கூகுள் ஃபார்ம், தொழிற்கூடத்தில் கேன்டீன் பக்கத்தில் ஒரு பெட்டியும் தமிழில் அச்சடித்த சீட்டும். சீட்டில் மூன்றே கேள்விகள்: அமைப்பின் பெயர், இடம், அங்கே நீங்கள் நேரில் பார்த்தது என்ன. மூன்றாவது கேள்வி வெறுமையாக வந்தால், வாட்ஸ்அப்பில் வந்த பெயராக இருக்கும்.

எவையெல்லாம் சி.எஸ்.ஆரில் சேராது என்பதையும் அதே சீட்டில் அச்சடியுங்கள். கோயில் திருவிழா நன்கொடை, மாரத்தான் போன்ற ஒருநாள் நிகழ்ச்சிக்கான ஸ்பான்சர், அரசியல் கட்சி நிதி, கம்பெனி ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் வேலை, பம்ப்செட் விளம்பரத்தோடு வரும் உதவி எதுவும் கணக்கில் வராது. சொல்லாமல் விட்டால் பெட்டியில் விழும் சீட்டில் பாதி கும்பாபிஷேகமாகத்தான் இருக்கும்.

4. சல்லடை: ஓட்டுக்கு முன்

அமைப்பின் வழியாகச் செலவிடுவதானால் அந்த டிரஸ்ட் அல்லது சொசைட்டிக்கு 12ஏ, 80ஜி என்று வழக்கில் சொல்லும் வருமான வரிப் பதிவுகள், கம்பெனி விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண், இதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவம் ஆகியவை வேண்டும். பதிவுகளின் காலாவதித் தேதியையும் பாருங்கள். பழைய சான்றிதழின் நகலையே வருடக்கணக்கில் நீட்டிக்கொண்டிருப்பார்கள். பான் கார்டிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். அறங்காவலரின் சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் அந்தப் பெயரை அதோடு விட்டுவிடுங்கள்.

குழந்தைகள் இல்லம் என்றால் இளைஞர் நீதிச் சட்டப் பதிவும் கட்டாயம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் தெரிந்துவிடும். வெளிநாட்டுத் தாய்க் கம்பெனி நேரடியாகப் பணம் அனுப்புகிறது என்றால் கதை வேறு: அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கும் இருந்தாக வேண்டும்.

அரசுப் பள்ளியில் கம்பெனியே கழிப்பறை கட்டித் தருவதுபோல நேரடியாகச் செய்யும் வேலைக்கு சி.எஸ்.ஆர்.-1 தேவையில்லை. தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு ஆகியோரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். கட்டிய கட்டடம் கம்பெனியின் சொத்தாக இருக்கக்கூடாது.

5. நேரில் பார்ப்பது

இரண்டு இரண்டு பேராக, காலை பத்து மணி வாக்கில், சமையல் நடக்கும் நேரத்தில் போங்கள். ஸ்டோர் அறை, கழிப்பறை, வருகைப் பதிவேடு மூன்றையும் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். பதிவுச் சான்றிதழில் 30 பேருக்கு அனுமதி, உள்ளே 55 பேர் என்றால் காரணம் கேளுங்கள்.

“என்ன வேண்டும்?” என்று கேட்பதோடு “என்ன வேண்டாம்?” என்றும் கேளுங்கள். பிறந்தநாள் சாப்பாடு, பிஸ்கட், பழைய துணி பல இல்லங்களில் தேவைக்கு மேல் குவிகிறது. ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் மதிய பிரியாணி கொண்டுவருவார்கள். செவ்வாய்க்கிழமை கேஸ் தீர்ந்திருக்கும். கரண்ட் பில், சமையல்காரர் சம்பளம், நர்ஸ் சம்பளம், பெரியவர்களுக்கான டயப்பர் இவற்றுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. படுக்கையில் இருக்கும் 12 பேருக்கு நாளைக்கு மூன்று வீதம் என்றால் மாதம் 1,080 டயப்பர். போட்டோவில் நன்றாக வராத செலவு என்பதால் யாரும் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

போட்டோ என்றதும் ஒன்று. இல்லத்துக் குழந்தைகளின் முகம் தெரியும்படி படமெடுத்து கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட வேண்டாம். பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவது அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி குற்றம்.

6. ஓட்டு

சல்லடையில் தங்கிய ஆறு பெயர்களை, பெயருக்கு நான்கு வரி வீதம் எழுதி ஒட்டுங்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு என்று வைத்தால் மெஷின் ஷாப்பில் இருக்கும் 70 பேர் பேசிவைத்து ஒரே பெயருக்குப் போட்டுவிடுவார்கள். மற்ற 130 ஓட்டும் சிதறும். அதனால் ஒவ்வொருவரும் மூன்று பெயரை வரிசைப்படுத்தட்டும்: முதலுக்கு 3 மதிப்பெண், அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1. நைட் ஷிஃப்ட்டுக்கும் சேர்த்து இரண்டு நாள் பெட்டியை வைத்திருங்கள்.

முதல் மூன்று இடங்களுக்கு 5, 3, 2 லட்சம் என்று பிரிக்கலாம். பத்து அமைப்புக்கு ஆளுக்கு ஒரு லட்சம் கொடுக்கும் ஆசை வரும். வேண்டாம். ஒப்பந்தம், பில், பயன்பாட்டுச் சான்று எல்லாமே பத்து மடங்காகும். ஒரு நர்ஸுக்கு ஒரு வருடச் சம்பளம்கூட அந்த ஒரு லட்சத்தில் தேறாது.

7. கொடுத்த பிறகு

இரண்டு பக்க ஒப்பந்தம் போட்டு, 50, 30, 20 சதவீதம் என மூன்று தவணையாகக் கொடுங்கள். முந்தைய தவணைக்கான பில் வந்த பிறகே அடுத்த தவணை. அமைப்பின் கணக்குக்கு மாற்றிவிட்டாலே செலவானதாக ஆகாது. சொன்ன வேலைக்குச் செலவானது என்று கம்பெனியின் நிதித் தலைவர் சான்றளிக்க வேண்டும். கடைசித் தவணை மார்ச்சுக்குள் செலவாகிற மாதிரி தேதி வையுங்கள். செலவாகாமல் நிற்கும் பணம், தொடரும் திட்டமாக இருந்தால் ஏப்ரல் 30-க்குள் தனி வங்கிக் கணக்குக்கும், இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குள் சட்டம் குறிப்பிடும் அரசு நிதிக்கும் போயாக வேண்டும்.

சல்லடையில் விழுந்துபோன அமைப்புகளுக்கு எந்தக் காகிதம் குறைந்தது என்று எழுதி அனுப்புங்கள், பெயர் கொடுத்த ஊழியருக்கும் ஒரு நகல். சி.எஸ்.ஆர்.-1 படிவத்துக்குத் தேவையானது தொழில் செய்யும் ஆடிட்டர் ஒருவரின் கையெழுத்து. உங்கள் ஆடிட்டரிடமே கேட்டு வாங்கிக் கொடுத்தால் அடுத்த ஜூலையில் அந்தப் பெயரும் சீட்டில் இருக்கும்.