இழுவை போன டர்போ டீசல்: குறை ஹோஸில்தான்

எங்கள் 1.3 லிட்டர் டர்போ டீசல் கார் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் காரைக்குடி வெயிலில் ஒழுங்காகத்தான் ஓடியது. திடீரென்று 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் இழுவையே இல்லை. மிதித்தால் கரும்புகை, கூடவே ‘உஸ்’ என்று ஒரு சத்தம். திருமயம் ரோட்டில் ஒரு லாரியை முந்த முடியவில்லை.

முதலில் பார்த்த பட்டறையில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையே மாற்றச் சொன்னார்கள். எனக்கு ஒப்பவில்லை. டர்போ போயிருந்தால் பெரும்பாலும் நீலப்புகை வரும், ஆயில் குறையும். இங்கே இரண்டும் இல்லை. கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போய்ச் சேரவில்லை, வழியில் எங்கோ கசிகிறது.

செக்காலைப் பக்கம் தெரிந்த மெக்கானிக் அண்ணன் டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ரப்பர் குழாயை, அதாவது ஹோஸைக் கழற்றிக் காட்டினார். மேலே பார்த்தால் புதுசுதான். கிளாம்பை ஒட்டி, அடிப்பக்கத்தில் விரல் நீளக் கிழிசல். சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கில் செம்மண் அப்பியிருந்தது. வண்டி சும்மா நிற்கும்போது தெரியாது, டர்போவின் காற்றழுத்தம் (பூஸ்ட்) ஏறினால்தான் வாய் திறக்கும். புது ஹோஸ், புது கிளாம்ப், அவ்வளவுதான். காரின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த பழைய பிழைக் குறியீட்டை (எரர் கோட்) ஸ்கேனரில் அழித்ததும் இழுவை வந்துவிட்டது.

டர்போ தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதற்கு உயிரே ஆயில்தான். அதனால் ஆயிலைக் கெடுவுக்கு முன்பே மாற்றுகிறேன். நெடுந்தூரம் ஓட்டி வந்தால் கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டுத்தான் அணைக்கிறேன்.